பீரோவுக்குள் இருந்த ரேடியோ

1986-இல் நான் இடைநிலை ஆசிரியையாக வேலையில் சேர்ந்தபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. மாவட்ட அளவில் ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் விடியற்காலையில் திருச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 1995 நவம்பர் 1-ஆம் தேதி பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001 ஜனவரி 1-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31-இல் இரண்டும் மறுபடி ஒன்றாயின. 2007 நவம்பர் 23-இல் மீண்டும் பிரிந்தன. ஒரே பள்ளியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்களுக்கு மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் முன்னுரிமைப் பட்டியல் புதிதாகத் தயாராகும். பயிற்சி நடக்கும் ஊர் மாறும். கூடப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த சிநேகிதிகள் "வேற மாவட்டம்" ஆகிவிடுவார்கள்.

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்துக்காரரும் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைக்காரரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பேச்சும் பசியும் ஒன்று. இருந்தும் 2007-க்குப் பிறகு அந்த இரண்டு ஆசிரியர்களும் ஒரே பயிற்சி அறையில் உட்கார வழியில்லாமல் போனது. இப்போது அவர்கள் இருவரும் பேசுவதை என் வீட்டு அடுப்படியில் ஒரே சாயங்காலத்தில் கேட்கிறேன். இரண்டு மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் தங்கள் வகுப்பறையில் நடந்ததைக் கைபேசியில் பதிவுசெய்து பாட்காஸ்ட்டாக வெளியிடுகிறார்கள். பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது நிமிடம். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பதிவுகளைக் கேட்டு, எங்கே தெளிவில்லை என்று சொல்வது என் வேலை. என் முப்பதுகளில் இது கிடைத்திருந்தால் நான் எப்படிப்பட்ட ஆசிரியையாக ஆகியிருப்பேன் என்ற எண்ணம் ஒவ்வொரு பதிவின்போதும் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் முதல் பள்ளி ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியரும் நானும். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஐந்து வகுப்பு. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு வகுப்புக்கு ஒரு பாடம் நடத்தத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் என்ன கொடுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தலைமையாசிரியர். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டி ஒரு டப்பாவில் வைத்திருப்பார். முப்பத்திரண்டில் ஏழு போக எவ்வளவு என்று கேட்டு, பிள்ளை விழித்தால், "கட்டைப் பிரிடா" என்பார். ஒரு கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சி கையில் வரும். பிள்ளை தானே எண்ணிக் கழித்துவிடும். அதன் பிறகுதான் பலகையில் எழுதிக் காட்டுவார்.

இன்னொன்றும் செய்வார். நான்காம் வகுப்பில் படிக்கத் திணறும் பையனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட அனுப்புவார். ஒன்றாம் வகுப்புப் பாடம் அவனுக்குப் படிக்க வரும். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் அவன் அண்ணன். அவமானம் இல்லாமல் அடிப்படையிலிருந்து மறுபடி படித்துக்கொள்வான். அரையாண்டுக்குள் அப்படி எழுந்து வந்த பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்தேன். அவர் ஓய்வுபெற்றபோது மாலை போட்டோம், மோதிரம் போட்டோம், குழுப் புகைப்படம் எடுத்தோம். அவருக்குத் தெரிந்ததை எல்லாம் உட்கார வைத்துக் கேட்டு எழுதி வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் எந்தப் பள்ளியிலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. முப்பது வருட அனுபவம் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் ஆசிரியர்கள் அப்படிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

ஆசிரியர்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. சம்பள நாள் இருந்தது. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணி வாங்கியதும் சார்மார்கள் எல்லாம் எதிரே இருந்த டீக்கடைக்குப் போவார்கள். முதலில் பஞ்சப்படி, பிறகு மாறுதல். கடைசியில் யாராவது ஒருவர் வகுப்பைப் பற்றி ஆரம்பிப்பார். "எழுத்தைச் சொல்லிக்கொடுக்கறதுக்கு முன்னாடி படத்தைக் காட்டிப் பாருங்க" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, பேச்சு சூடு பிடிக்கும். நாங்கள் டீச்சர்மார்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் நிற்போம். டீக்கடைப் பெஞ்சில் நாங்கள் போய் உட்காரும் காலம் இல்லை அது. நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். வீட்டில் பிள்ளை இருக்கும், மாமியார் இருப்பார், அடுப்பு இருக்கும். தொடக்கப் பள்ளிகளில் பெண்கள் ஏராளமாக வேலை செய்தும், ஆசிரியர்களின் மிகச் சிறந்த பேச்சு நடந்த இடத்தில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. காதில் விழுந்த அரைகுறை வாக்கியங்களோடு பஸ் ஏறிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

ரேடியோ வந்தது அதற்குப் பிறகு. 1987 வாக்கில் மத்திய அரசு தொடங்கிய கல்வித் தொழில்நுட்பத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு கேசட் போடும் வசதியோடு வானொலிப் பெட்டி கொடுத்தார்கள். டூ-இன்-ஒன் என்போம். எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினோம். காணாமல் போனாலோ உடைந்தாலோ சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் எல்லாப் பள்ளிக்கும் இருந்தது. மின்சார இணைப்பு இல்லாத பள்ளிகளில் பேட்டரிக் கட்டைக்குப் பணம் எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியும் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பார்வைக்கு அதிகாரி வரும்போது பெட்டியை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைப்போம். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று தொடாமல் பார்ப்பார்கள். எங்கள் தலைமையாசிரியர் மட்டும் துணிந்து சில நாட்கள் திருச்சி வானொலியின் கல்வி ஒலிபரப்பைப் போட்டுவிட்டார். அந்தக் கால் மணி நேரம் ஐந்து வகுப்பும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நல்ல நிகழ்ச்சிகள்தான். குரல் வளம் உள்ளவர்கள், தயாரித்துக்கொண்டு பேசினார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது என்று அந்தக் குரலுக்குத் தெரியாது. தெரிவிக்க எங்களிடமும் வழியில்லை.

இதே திருச்சி வானொலியை நினைத்துத்தான் எனக்கு இன்றுவரை ஓர் ஆதங்கம். 1939 மே 16-ஆம் தேதி தொடங்கிய நிலையம் அது. 1960-களின் பிற்பாதியில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைத் தஞ்சை உழவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விதைப்பு முதல் பூச்சி மருந்து வரை வானொலியில் கேட்டுச் செய்ததால் உழவர்கள் அந்த ரகத்தையே ரேடியோ நெல் என்று அழைத்தார்கள். அந்த நிகழ்ச்சிகளில் விவசாயிகள் பேசினார்கள். கேள்விக்குப் பதில் வந்தது. வயலில் கண்டதை ஒருவர் சொல்ல, ஊர் கேட்டது. கடலுக்கு அப்பால் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-லேயே வானொலிப் பள்ளி தொடங்கியது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் பண்ணை வீடுகளில் இருந்த பிள்ளைகள் ஆசிரியரோடு பேசக்கூடிய இருவழி வானொலி அது. நெல்லுக்குக் கிடைத்ததும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? கருவி இல்லாத குறை என்று சொல்ல முடியாது. கருவி பீரோவில் இருந்தது. ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு, ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை என்ற நினைப்புத்தான் குறை.

எங்கள் பெட்டி பீரோவில் இருந்த அதே ஆண்டுகளில் ஊருக்குள் டேப் ரிகார்டர்கள் வேறு வேலை செய்துகொண்டிருந்தன. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் அதிகம். கடிதத்தோடு கேசட்டும் போகும், வரும். சௌதியில் இருக்கும் தகப்பனுக்கு வீட்டில் எல்லோரும் வரிசையாகப் பேசிப் பதிவுசெய்து, அங்கே போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்து அத்தாவுக்கு அனுப்பியதாக வந்து சொன்னாள். அடுத்த கேசட்டில் அத்தாவிடமிருந்து பதினேழாம் வாய்ப்பாடு கேட்டு வந்ததாம். பேசியதைக் கேட்டவர் பதில் சொன்னார் என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு மகிழ்ச்சி.

2001-இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கிய பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. வட்டார வள மையங்கள் வந்தன. மாதம் ஒரு சனிக்கிழமை குறுவள மையக் கூட்டம். முதல்முறையாக டீச்சர்களும் உட்கார்ந்து பேச ஓர் அறை, ஒரு நாள், மதியச் சாப்பாடு. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். 2007-08-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் வந்தபோது அந்தக் கூட்டங்கள் இல்லாமல் நாங்கள் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் வேர் விட்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முறை அது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதக் கீழே ஒரு கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்குமேல் கம்பி.

அட்டைகள் நைந்து போனால் என்ன செய்வது, ஏணியில் ஒரே படியில் மாதக்கணக்கில் நிற்கும் பிள்ளையை எப்படி நகர்த்துவது என்பதற்கெல்லாம் ஒவ்வொரு பள்ளியும் ஒரு வழி கண்டுபிடித்தது. ஆனால் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் மேலிருந்து வரும். கருத்தாளர் பேசுவார். பின்னூட்டப் படிவம் நிரப்பினோம். நாங்கள் கண்டுபிடித்த வழிகள் சாப்பாட்டு இடைவேளையில்தான் கைமாறின. அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு உண்மையான பயிற்சி. அதுவும் என் ஒன்றியத்துக்குள் மட்டும். பெரம்பலூரில் நான்கு ஒன்றியம், அரியலூரில் ஆறு. பத்து ஒன்றியத்திலும் பத்து சாப்பாட்டு இடைவேளைகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தன.

எழுதலாமே என்று கேட்கலாம். எழுதியவர்கள் உண்டு. குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1930-களில் எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் படித்து அழாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பள்ளிக் கல்வித் துறையே 2022-இல் ஆசிரியர்களுக்கென்று ‘கனவு ஆசிரியர்’ இதழைத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய முயற்சிகள். ஆனால் எங்களில் பெரும்பாலோரிடம் பேனாவைக் கொடுத்தால் அறிக்கை நடைதான் வரும். "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று எழுதிவிடுவோம். பல வருடம் பதிவேடு எழுதிய கை அது. அதே ஆசிரியை பேச உட்கார்ந்தால், "முதல் பத்து நிமிஷம் ஒரு பிள்ளைகூட என்னைப் பாக்கலைங்க" என்று தொடங்குவாள். அந்த வாக்கியத்தில்தான் அடுத்த ஆசிரியைக்குப் பாடம் இருக்கிறது.

கைபேசி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பல ஆண்டுகள் வகுப்பறையில் கைபேசி எடுக்கக் கூடாது என்றார்கள். பிறகு வருகைப்பதிவு, விவரம், புகைப்படம் எல்லாம் அதே கைபேசியில் வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப் குழுக்கள் சுற்றறிக்கையால் நிரம்பின. காலையில் நூறு செய்தி, அதில் வகுப்பைப் பற்றியது ஒன்றும் இருக்காது. 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஏழு மாதத்தில் பெருந்தொற்று வந்து பள்ளிகளைப் பூட்டியது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. வீட்டில் ஒரே ஒரு கைபேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற நிலையில் காணொளிப் பாடம் எங்கள் பிள்ளைகளில் பலரை எட்டவில்லை. குரல் எட்டியது. ஒரு நிமிடக் குரல் செய்திக்கு டேட்டா அதிகம் தேவையில்லை. அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகு இரவு எட்டு மணிக்குப் போட்டுக் கேட்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் கல்வி ரேடியோ என்று இணைய வானொலியே தொடங்கிப் பாடங்களைப் பேசிப் பதிவுசெய்தார்கள். எங்கள் பக்கத்து ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி அனுப்பப் பழகினார்கள். பள்ளி திறந்த பிறகு அந்தப் பழக்கம் ஆசிரியர்களுக்கு இடையே திரும்பியது. அப்படித்தான் இந்தப் பாட்காஸ்ட் பிறந்தது. யாரும் உத்தரவு போடவில்லை.

செய்முறையைக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டூடியோ எதுவும் வேண்டாம். வகுப்பறையில் பேசினால் வெற்றுச் சுவரில் மோதி எதிரொலிக்கும். வீட்டில் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக் காற்று விழாது. அரியலூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு லாரிதான் சிக்கல். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் கடக்கும்போது பேச்சை நிறுத்தி, கடந்த பிறகு அதே வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வார்கள். வெட்டி ஒட்டுவதைக் கைபேசியிலேயே செய்யலாம். ஒற்றை ஒலித்தடத்தில் சுருக்கினால் பதினைந்து நிமிடப் பேச்சு 7 எம்.பி. சொச்சத்தில் அடங்கும். குறைந்த டேட்டா வைத்திருப்பவர்களும் இறக்கிக் கேட்கலாம். பஸ்ஸில் கேட்கிறார்கள், மாவு அரைக்கும்போது கேட்கிறார்கள். டீக்கடைப் பேச்சைக் கேட்க முடியாமல் பஸ் ஏறியவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

கேட்டவற்றில் மனதில் நின்ற சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஆண்டிமடம் பக்கம் முந்திரி சீசனில், மார்ச் தொடங்கிவிட்டால், காலையில் பிள்ளைகள் குடும்பத்தோடு தோப்புக்குப் போய்விடுவார்கள். கொட்டை பொறுக்கிவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் பள்ளிக்கு வருவார்கள். ஓர் ஆசிரியை அதற்காகப் பெற்றோரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, வாசிப்புப் பாடத்தை மதியத்துக்கு மாற்றினார். காலையில் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஓவியம், எழுத்துப் பயிற்சி. இதைச் சொல்லி ஒரு பதிவு வெளியானது. செட்டிகுளம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டுத் தன் பள்ளியில் சின்ன வெங்காயம் பிடுங்கும் நாட்களில் செய்து பார்த்தார். சரிவரவில்லை. தோப்பு வேலை வெயில் ஏறினால் முடிந்துவிடும், வெங்காய வேலை நாள் முழுக்க இருக்கும், பிள்ளைகள் மதியமும் வரவில்லை. அவர் அதையும் பதிவுசெய்து வெளியிட்டார். பிறகு வீட்டுக்குத் திரும்பும் அந்திப் பொழுதில் தெருவிளக்கடியில் அரை மணி நேரம் வாசிக்க வைக்கும் ஏற்பாட்டைச் செய்து, அதன் விளைவையும் சொன்னார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் முந்திரிக்கும் வெங்காயத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் இருக்காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்பு இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இன்னொரு பதிவு கல்லைப் பற்றியது. அரியலூருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சுருள் சுருளாக வரியோடிய கல் ஒன்றை வயலிலிருந்து கொண்டுவந்து, "இது என்ன டீச்சர்?" என்று கேட்டான். தெரியாது என்றார் ஆசிரியை. சொன்ன கையோடு, தெரிந்துகொள்வோம் என்று எல்லோரையும் தேட விட்டார். அடுத்த நாள் மேசை நிறையக் கற்கள். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனார். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மண் கடலுக்கு அடியில் இருந்தது என்று கேட்டதும், "அப்ப எங்க ஊரு கடற்கரையா?" என்று ஒரு பெண் கேட்டாளாம். அந்தக் கேள்வியைச் சொல்லும்போது ஆசிரியையின் குரலில் இருந்த உற்சாகத்தை எந்த எழுத்திலும் கொண்டுவர முடியாது. அதைக் கேட்டுவிட்டுப் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒருவர், சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை வைத்துத் தன் வகுப்பில் செய்ததைச் சொன்னார். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குக் காட்டிய மரம், 18 மீட்டர் நீளம். பிள்ளைகளை அந்த மரத்தின் அருகே வரிசையாகப் படுக்க வைத்து எத்தனை பேர் நீளம் என்று அளக்கச் சொன்னார். அளவைப் பாடமும் அறிவியல் பாடமும் ஒரே நாளில் முடிந்தன.

எனக்கு மிகவும் பிடித்த பதிவைச் செய்தவர் நன்றாகப் பேசத் தெரியாதவர். சரளமாக வராது, வார்த்தைக்கு நடுவே நின்று நின்று போவார். முதலில், "நான் மாட்டேன்" என்று மறுத்தவரை மற்றவர்கள் வற்புறுத்திப் பேச வைத்தார்கள். அவர் வகுப்பில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளியில் வாயே திறக்கமாட்டாள். வீட்டில் பேசுவாள். எல்லோரும் அவளைப் பேசு பேசு என்று கேட்டுக்கேட்டு அவள் இன்னும் சுருங்கிப்போனாள். அவர் பேசச் சொல்வதை நிறுத்தினார். மணி அடிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று மற்றப் பிள்ளைகள் அவளிடம் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் விரலைக் காட்டினாள். ஒரு நாள், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றாள். அவ்வளவுதான் கதை. அதற்கு வந்த குரல் பதில்களைப் போல வேறு எந்தப் பதிவுக்கும் வரவில்லை. பேசாத பிள்ளை எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, எல்லா ஆசிரியையும் அந்தப் பிள்ளையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு பேச நிறைய சேர்ந்திருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து ஒரே அறையில் கற்பிக்க வேண்டும். அரும்பு நிலைக் குழந்தைக்குத் தான் அரும்பு என்று தெரிந்துவிடுகிறது, அந்த வருத்தத்தை எப்படிப் போக்குவது என்று ஓர் ஆசிரியை கேட்டார். அதற்கு வந்த பதில்களில் ஒன்று, படிக்கத் திணறும் பிள்ளையைச் சின்ன வகுப்புக்கு வாசித்துக் காட்ட அனுப்புவது. சொன்னவர் இளம் ஆசிரியர், தானே கண்டுபிடித்துச் செய்துகொண்டிருக்கிறார். என் பழைய தலைமையாசிரியர் செய்ததை அவருக்குச் சொன்னேன். ஒரே ஒன்றியத்தில் நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் ஒரே வழியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை, அவர்களிடம் படித்த பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை.

பயமும் எனக்கு உண்டு. பிள்ளையின் பெயரையோ ஊரையோ பதிவில் சொல்லக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். சின்ன ஊர்களில் பெயர் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே வீட்டுக் கஷ்டத்தைப் பற்றிய பேச்சு வந்தால் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறோம், சில பதிவுகளை வெளியிடாமலே விட்டிருக்கிறோம். குழந்தையின் குரலைப் போட வேண்டும் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் போடுவதில்லை. இன்னொரு பயம் பெரிது. நல்லது என்று கண்ட எதையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கும் பழக்கம் கல்வித் துறைக்கு உண்டு. மாதம் இரண்டு ஒலிப்பதிவு, வெள்ளிக்கிழமைக்குள் பதிவேற்றம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்பது இங்கேயும் வந்துவிடும். தோற்றுப்போன வகுப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். துறை உதவ விரும்பினால் கீழப்பழுவூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் படிக்கும் மாணவர்களை இதைக் கேட்கச் சொல்லலாம். குறுவள மையக் கூட்டத்தில் சாப்பாட்டு இடைவேளையை அரை மணி கூட்டலாம். மற்றதை ஆசிரியர்களிடம் விட்டுவிட வேண்டும்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 1980-களில் சேர்ந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு எண்பது வயது. அவர்கள் வீட்டுக்குப் போய், பக்கத்தில் கைபேசியை வைத்து, நீங்கள் கழித்தலை எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள், எழுத்து மறந்துபோகும் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். வேப்பந்தட்டை, திருமானூர் பக்கங்களில் சிலரைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறோம். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். முதலில், "என்கிட்ட என்னம்மா இருக்கு?" என்பார்கள். ஈர்க்குச்சிக் கட்டைப் பற்றிக் கேட்டால் போதும், பிறகு நிறுத்துவது கடினம்.

இந்த வாரம் பதிவுக்கு வந்திருக்கும் கேள்வி புதியது. ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று பேர் அரியலூர் ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆசிரியைக்கு இந்தி தெரியாது, ஒடியாவும் தெரியாது. மதிய உணவின்போது மட்டும் மற்றப் பிள்ளைகளோடு சிரிக்கிறார்கள், வகுப்பில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் முதல் மாதத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு நான்கு நிமிடம் பேசி அனுப்பியிருக்கிறார். பெரம்பலூரிலிருந்து இரண்டு பேர் பதில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட்டால் திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் அந்த ஆசிரியை கேட்டுவிடலாம்.